யத்தீமின் தலையை வருடும் கை

மலேசியாவில் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தாயார் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் வசிக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் மகனும் மகளும் விடுமுறைக்குப் பாட்டியிடம் வருகிறார்கள். வந்த இடத்தில் வண்டலூருக்கு அப்பால் ஒரு கிராமத்துக் குழந்தைகள் இல்லத்தில் பதினைந்து நாட்கள் தங்கி, யத்தீம் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய ஆசைப்படுகிறார்களாம். “இது நன்மையான அமல்தானே, அனுப்பலாமா?” என்று கேட்கிறார்.

நல்ல ஆசை. அந்த ஆசையைப் பிள்ளைகளின் உள்ளத்தில் போட்ட அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். ஆயினும் “அனுப்புங்கள்” என்று ஒரு வரியில் பதில் எழுத நமக்குக் கை வரவில்லை. காரணம் நம்மிடமே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நோன்புப் பெருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, நம் மஹல்லா இளைஞர்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தாம்பரத்துக்குத் தெற்கே ஓர் இல்லத்துக்குப் போனோம். ஒரு தேக்சா பிரியாணி, புதுச் சட்டைகள், இரண்டு பந்துகள். பிள்ளைகள் உயர வரிசையில் நின்று பாட்டுப் பாடினார்கள். அந்த வரிசையும் பாட்டும் வருகிறவர்களுக்கெல்லாம் நடப்பவை என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து சாப்பிட, நாம் நின்று பரிமாறினோம். இளைஞர்கள் படம் எடுத்தார்கள். ஏழு வயதிருக்கும் ஒரு பையன் மட்டும் நம் சுண்டுவிரலைப் பிடித்தவன் மாலை வரை விடவில்லை. வேனில் ஏறும்போது, “அடுத்த வெள்ளிக்கிழமை வருவீங்களா மாமா?” என்று கேட்டான்.

“இன்ஷா அல்லாஹ்” என்றோம்.

போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போகவில்லை. மாதங்கள் சென்றபின் அந்த இல்லத்தின் காப்பாளரைத் தாம்பரம் ரயில் நிலையத்தில் கண்டோம். நாலைந்து வெள்ளிக்கிழமைகள் ஜும்ஆ முடிந்ததும் அந்தப் பையன் கேட்டருகே வந்து நின்றான் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நாளை செய்வேன் என்று எதைச் சொன்னாலும் இறைவன் நாடினால் என்று சேர்த்துச் சொல்லும்படி கஹ்ஃபு அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. அது செய்ய உறுதி கொண்டவன் தன் உறுதியை அல்லாஹ்விடம் ஒப்படைக்கும் சொல். செய்யும் எண்ணமே இல்லாதவன் மரியாதையாக நழுவிக்கொள்வதற்கு அந்தப் புனிதச் சொல்லையா எடுப்பது? அதுவும் ஒரு யத்தீமிடம்!

அன்பர்களே! நம் பெருமானார் (ஸல்) அவர்கள் பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில் அன்னை ஆமினா அவர்களையும், எட்டு வயதில் பாட்டனார் அப்துல் முத்தலிபையும் இழந்தார்கள். நேசித்தவர்கள் ஒவ்வொருவராக விட்டுப் போவது ஒரு பிள்ளைக்கு என்னவென்று அவர்கள் அறிந்திருந்தார்கள். யத்தீமைப் பொறுப்பேற்று வளர்ப்பவர் சுவனத்தில் தம்முடன் இரு விரல்களைப் போல இணைந்திருப்பார் என்று அவர்கள் நன்மாராயம் சொன்னது பொறுப்பேற்பவருக்கு. பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அன்று. உள்ளம் கடினமாக இருப்பதாக முறையிட்ட ஒருவருக்கு, ஏழைக்கு உணவளித்து யத்தீமின் தலையை வருடிவிடும்படி சொன்னார்கள் என்றும் ஹதீஸில் வருகிறது. வருடுவதால் இளகுவது வருடுகிறவரின் உள்ளம். வருடப்பட்ட பிள்ளையின் உள்ளம் என்னாகிறது என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

யத்தீம்களின் பொருளை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே உண்கிறார் என்ற எச்சரிக்கை இறங்கியபோது ஸஹாபாப் பெருமக்கள் நடுங்கிப் போனார்கள். தம் வீட்டில் வளர்ந்த யத்தீமின் உணவைத் தனியே சமைத்துத் தனியே வைத்தார்கள். மிஞ்சியதைத் தொடவும் அஞ்சினார்கள், அது கெட்டுப்போயிற்று. பிள்ளையும் தனியே உண்டது. அப்போதுதான் பகரா அத்தியாயத்தின் 220-வது வசனம் இறங்கியது. அவர்களைச் சீர்படுத்துவதே நலம். அவர்களோடு கலந்து வாழ்ந்தால் அவர்கள் உங்கள் சகோதரர்கள் என்பது அதன் கருத்து. சீர்படுத்துபவர் யார், கெடுப்பவர் யார் என்று தனக்குத் தெரியும் என்றும் அல்லாஹ் அதிலேயே சொல்லிவிட்டான். நம் வீட்டு விருந்தில் ஒரே ஸஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்கிறோமே, அந்த ஸஹனில் யத்தீமுக்கு இடம் உண்டு என்கிறது இவ்வசனம். அன்று நாம் நின்றுகொண்டு பரிமாறியதை நினைத்துப் பார்க்கிறோம்.

உலகமும் இதை இப்போது பேசத் தொடங்கியிருக்கிறது. செல்வ நாட்டு இளைஞர்கள் ஏழை நாட்டு அநாதை இல்லங்களுக்குச் சில வாரத் தொண்டுக்காகப் பறந்து வருவது பெரும் வியாபாரமாகிவிட்டது. வருகிறவர்களின் பணத்துக்காகவே, தாய் உயிரோடிருக்கும் பிள்ளைகளைக் கூட்டிவந்து அநாதைகளாகக் காட்டும் கொடுமை கம்போடியாவிலும் நேபாளத்திலும் வெளிப்பட்டது. 2019-ல் ஐ.நா. பொதுச்சபை தன் தீர்மானத்தில் இத்தகைய தொண்டுப் பயணங்களின் தீங்கைச் சுட்டியது. நம் மாநிலத்துக்கும் இதில் பங்குண்டு. தமிழ்நாட்டு இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது பற்றி எழுந்த வழக்கில்தான் 2017-ல் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் உள்ள எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டுமென்று உத்தரவிட்டது.

தொலைவிலிருந்து வந்து செய்யும் தொண்டே கூடாது என்பதா? அல்ல. 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பின் திக்கற்று நின்ற பிள்ளைகளுக்காக, எங்கோ பஞ்சாபைச் சேர்ந்த மௌலானா அப்துல் காதிர் கஸூரி அவர்களின் முயற்சியால் 1922-ல் கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் யத்தீம்கானா தோன்றியது. மொழி வேறு, ஊர் வேறு. ஆனால் நூறாண்டைக் கடந்தும் நிற்கும் ஒன்றை ஏற்படுத்தினார்கள். கிழக்குத் தாம்பரத்திலேயே எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் இருக்கிறது. 1949-ல் ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் தொடங்கிய அவ்வமைப்பின் வழக்கம், ஒரு வீடு, அதில் சில பிள்ளைகள், அவர்களோடு ஆண்டுக்கணக்கில் வாழும் ஓர் அன்னை என்பது. மாற்றாரிடம் உள்ள நல்லதைக் கண்டு சொல்வதில் நமக்குக் கூச்சமில்லை.

மற்றொன்று. ஷரீஅத்தில் யத்தீம் என்பவன் பருவமடையுமுன் தந்தையை இழந்தவன். இன்று இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாய் இருக்கிறாள். சோறில்லாமல்தான் விட்டிருக்கிறாள். ஒரு விதவைத் தாய்க்கு மாதாமாதம் உதவி, பிள்ளையை அவள் மடியிலேயே இருத்துவதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. பெற்றோரில் ஒருவரை இழந்து மற்றவராலும் பராமரிக்க இயலாத பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தை 2025-ல் தமிழக அரசு தொடங்கியது. விண்ணப்பம் எழுதத் தெரியாத தாய்மார்கள் நம் பள்ளிவாசல் தெருவிலேயே இருப்பார்கள்.

ஆகவே மலேசியச் சகோதரருக்கு நாம் எழுதிய பதில் இதுதான். பிள்ளைகள் வரட்டும். இல்லம் பதிவு பெற்றதா என்று செங்கல்பட்டிலுள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முதலில் கேட்கட்டும். யத்தீமின் சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கணக்குக் கேட்பது அவமரியாதை ஆகாது. சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுவதை, நாளையும் இருக்கப் போகிறவர்களுக்கு விட்டுவிடட்டும். மகன் சமையற்கட்டுக்கு வெள்ளையடிக்கலாம். மகள் பத்தாம் வகுப்புப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்து, ஊர் திரும்பியபின்னும் வாரம் ஒருநாள் தொலைபேசியில் தொடரலாம். தொடர முடியாதென்றால் தொடங்க வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அப்பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் வெளியிடத் தடை விதிக்கிறது. சொல்லிக் காட்டும் ஸதகா பாழாகும் என்று திருமறை அதற்கு முன்பே சொல்லிவிட்டது.

கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நாம் தாம்பரத்திலிருந்து பஸ் ஏறினோம். கேட்டில் யாரும் இல்லை. அந்தப் பையனைத் தாயார் வந்து ஊருக்கு அழைத்துப் போய் ஓராண்டாகிறது என்றார் காப்பாளர். அல்ஹம்து லில்லாஹ் என்றோம். எந்த ஊர் என்று கேட்டோம். சொல்லக் கூடாதென்பது விதி என்றார். அதுவும் சரிதான்.