கழித்தது போக நிற்கும் நாதம்

சீடன்: ஐயா, வீணை கற்றபோது அதன் நாதம் எங்கே பிறக்கிறது என்று எனக்கு ஐயம் வந்ததே இல்லை. பலாமரக் குடத்தில் கையை வைத்தால் அதிர்வு தெரியும். இந்த பேஸ் கிதாரின் உடலோ குடையாத கட்டைப் பலகை. மின்சாரம் இல்லாமல் மீட்டினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்பதில்லை. இதன் நாதம் எதில் இருக்கிறது? மரத்திலா, தந்தியிலா, காந்தத்திலா?

குரு: நாதம் ஏதோ ஒரு பொருளுக்குள் குடியிருக்கிறது, அங்கிருந்து வெளியே வருகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு கேட்கிறாய், தம்பி. வீணைக்கு அது ஓரளவு பொருந்தும். தந்தியின் ஆற்றலைக் குதிரை வழியாக வாங்கிக் காற்றை அசைப்பதுதான் குடத்தின் வேலை. இங்கே ஏற்பாடு வேறு. 1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். காற்றை அசைக்கும் பொறுப்பு மரத்தை விட்டு ஒலிபெருக்கிக்குப் போனது. 1930களிலேயே சியாட்டிலில் பால் டட்மார்க் இதே எண்ணத்தில் ஒரு பேஸ் செய்திருந்தார், அது பரவவில்லை. இந்த ஏற்பாட்டில் மரத்துக்கு ஒரே வேலைதான்: தந்தியின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும்.

சீடன்: அப்படியென்றால் எந்த மரமானாலும் ஒன்றுதானே? ஆஷ் கணீரென்று ஒலிக்கும், ஆல்டர் இதமாக ஒலிக்கும் என்று கடையில் சொல்வதெல்லாம் கதையா?

குரு: அசையாமல் நிற்க வேண்டும் என்றேன். அப்படி முற்றிலும் அசையாமல் நிற்கும் மரம் உலகில் கிடையாது. இந்த பேஸை எடு. ஜி தந்தியில் நான்காவது ஃப்ரெட்டிலிருந்து எட்டாவது வரை ஒவ்வொன்றாக மீட்டு. ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் கவனி.

சீடன்: நான்கு நன்றாக நிற்கிறது. ஐந்தும் பரவாயில்லை. ஆறாவதில் சட்டென்று அடங்கிவிடுகிறது, ஐயா. நான் சரியாக அழுத்தவில்லையோ?

குரு: உன் விரல் சரிதான். வாசிப்பவர்கள் இதை டெட் ஸ்பாட் என்பார்கள். ஃபெண்டர் வடிவத்து பேஸ்களில் பெரும்பாலும் ஜி தந்தியில் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில்தான் இது வரும். நீண்ட மெல்லிய நெக் ஒரு முனையில் உடலோடு பிணைந்திருக்கிறது; மறுமுனையில் நான்கு கனத்த முறுக்காணிகளைச் சுமக்கிறது. அதற்கென்று வளைந்தாடும் ஓர் அதிர்வெண் உண்டு. தந்தியின் சுரம் அதோடு ஒத்துப்போகும்போது ஆற்றல் தந்தியை விட்டு நெக்குக்குள் இறங்கிவிடுகிறது. ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளெய்ஷர் என்ற ஆய்வாளர் நெக்கின் ஒவ்வோர் இடமும் எவ்வளவு எளிதாக அசைகிறது என்று அளந்து, சுரம் சாகும் இடத்தை அந்த அளவோடு பொருத்திக் காட்டியிருக்கிறார். இப்போது தச்சர்கள் பயன்படுத்தும் அந்தக் கிளாம்பை எடுத்து நெக்கின் தலையில் இறுக்கிவிட்டு மறுபடி வாசி.

சீடன்: ஆறாவது உயிர்த்துவிட்டது! ஆனால் இப்போது நான்காவது அடங்குகிறது.

குரு: தலையில் எடை கூடியதும் நெக்கின் அதிர்வெண் இறங்கியது, செத்த இடமும் கூடவே இறங்கியது. மரத்துக்கும் ஓசைக்கும் தொடர்பு உண்டா என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆனால் தொடர்பு எப்படிப்பட்டது என்று பார். மரம் தன்னிடமிருந்து எதையும் தந்திக்குக் கொடுக்கவில்லை. தந்தியில் இருந்ததை எடுத்துக்கொண்டது. கட்டமைப்பு, பொருள், மின்னணு என்று நாம் பேசுவதையெல்லாம் இந்த ஒரு கேள்வியோடு அணுகிப் பார்: இது எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது?

சீடன்: ஆஷும் ஆல்டரும்?

குரு: எடுத்துக்கொள்ளும் அளவில் அவையும் வேறுபடலாம். ஆனால் ஒரே மரத்தின் இரண்டு பலகைகளுக்கு இடையிலேயே எடையும் விறைப்பும் நிறைய மாறும். கனத்த உடலைவிட மெலிந்த நெக்தான் அதிகம் ஆடுகிறது, அதனால் உடல் மரத்தின் பெயரைவிட நெக்கின் விறைப்பைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். ஃபெண்டர் 1950களின் நடுவில் ஆஷிலிருந்து பெரும்பாலும் ஆல்டருக்கு மாறியதற்கு மரம் கிடைக்கும் வசதியும் வண்ணம் பூசும் வசதியும் பெரிய காரணங்கள். அந்த முடிவுக்குப் பிறகுதான் செவிகள் அந்த மரத்துக்குப் பழகின.

சீடன்: எடுத்துக்கொள்வது குறை என்றால், எதையும் எடுத்துக்கொள்ளாத பொருளில் செய்துவிடலாமே?

குரு: செய்தார்கள். நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த விறைப்பான பொருளில், தலையே இல்லாத ஒரு பேஸைக் கொண்டுவந்தார். முறுக்காணிகளை உடலின் அடிப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார். சுரங்கள் சமமாக நிற்கின்றன, நீண்டு நிற்கின்றன. அதை நேசிப்பவர்கள் இருக்கிறார்கள்; அதில் ஏதோ வற்றிப்போயிருக்கிறது என்று விலகியவர்களும் இருக்கிறார்கள். குறையே இல்லாத பேஸ் வேண்டும் என்று எல்லோரும் ஓடிவரவில்லை என்பதை நினைவில் வை. அதற்குத் திரும்ப வருவோம்.

சீடன்: தந்தியைப் பற்றிச் சொல்லுங்கள். எல்லாம் அதில்தானே தொடங்குகிறது?

குரு: ஆம். பிரிசிஷன் பேஸின் தந்தி நீளம் 34 அங்குலம். ஹாஃப்னரின் வயலின் வடிவ பேஸ், பால் மெக்கார்ட்னி வாசிப்பது, ஏறத்தாழ 30 அங்குலம். அதே கனமுள்ள தந்தியை அதே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு கூடும். 30ஐ 34 ஆக்கினால் ஏறக்குறைய 28 விழுக்காடு அதிகம். இழுவிசை கூடினால் தடித்த தந்தியின் மேற்சுரங்கள் சுருதியை விட்டு விலகுவது குறையும். தட்டையான பட்டை சுற்றிய தந்தி மேற்சுரங்களைச் சீக்கிரம் விழுங்கிவிடும். உருண்டைக் கம்பி சுற்றியது நெடுநேரம் பிரகாசிக்கும், வியர்வையும் அழுக்கும் சுற்றுகளுக்குள் இறங்கும் வரை. இவ்வளவு போதும். பிக்கப்புக்கு வா, அங்கேதான் நான் நிறைய நேரம் நிற்க விரும்புகிறேன்.

சீடன்: மைக் மாதிரிதானே அது?

குரு: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதன்மேல் வாயை வைத்துக் கத்தினாலும் அது உன் சொல்லைக் கேட்காது. காந்தம் தனக்கு மேலே போகும் இரும்புத் தந்தியைக் காந்தமாக்குகிறது. தந்தி ஆடும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் எழுகிறது. ஃபாரடே கண்ட விதிதான். 0.06 மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கம்பியை ஏறக்குறைய 10,000 சுற்று சுற்றியிருப்பார்கள். 864 மில்லிமீட்டர் தந்தியில் அது அறிவது தன் தலைக்கு மேலே இருக்கும் ஓர் அங்குலத்தை மட்டும். காந்தத்தை அதிகமாகத் தந்தியை நோக்கி உயர்த்திவிடாதே. அது தந்தியையே இழுத்துச் சுருதியைக் கலைக்கும், சுரத்தின் ஆயுளையும் குறைக்கும்.

சீடன்: ஓர் அங்குலம் மட்டும் அறிந்தால் மீதி என்ன ஆகிறது?

குரு: அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அடிச்சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்களும் ஒரே தந்தியில் ஒரே நேரத்தில் ஆடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தந்தியில் அசையாப் புள்ளிகள் உண்டு. இந்த பேஸின் குதிரையான பிரிட்ஜிலிருந்து சரியாகக் கால் பங்கு தூரத்தில், அதாவது 216 மில்லிமீட்டரில், ஒரு பிக்கப் இருப்பதாக வைத்துக்கொள். திறந்த தந்தியின் நான்மடங்கு அதிர்வுக்கு அங்கே அசைவே இல்லை. அதனால் பிக்கப்புக்கு அந்த அதிர்வு ஏறக்குறைய இல்லாத ஒன்று. இப்போது பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அழுத்து. தந்தி 432 மில்லிமீட்டராகிறது, அதே பிக்கப் இப்போது அதன் நட்டநடுவில் இருக்கிறது. இரட்டைப்படை மடங்குகள் எல்லாமே மங்கிப்போகும். பிக்கப் நகரவில்லை, நீ ஃப்ரெட்டை மாற்றினாய். அது காணாத சுரங்களின் பட்டியல் மாறிவிட்டது. ஃபெண்டரின் இன்னொரு வடிவமான ஜாஸ் பேஸின் பிரிட்ஜ் பிக்கப்பை 1970களில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் பிரிட்ஜ் பக்கம் தள்ளினார்கள். அந்த ஒரு சென்டிமீட்டரைக் கேட்டு அறுபதுகளா எழுபதுகளா என்று சொல்லக்கூடிய காதுகள் உண்டு.

சீடன்: விரலும் அப்படித்தானே? வீணையில் குதிரைப் பக்கம் மீட்டினால் ஓசை கூர்மையாகும் என்று என் ஆசிரியர் சொல்வார்.

குரு: அதே கணக்கு. நீ மீட்டும் இடத்தில் எந்த அதிர்வுக்கு அசையாப் புள்ளி இருக்கிறதோ அந்த அதிர்வை நீ எழுப்பவே முடியாது. விரல் எழுப்பாததைப் பிக்கப் கேட்காது. விரல் எழுப்பியதிலும் பிக்கப் சிலவற்றைக் காணாது.

சீடன்: ஐயா, இங்கே எனக்கு ஓர் எதிர்ப்பு உண்டு. எல்லாம் கழித்தல் என்றீர்கள். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில் 9 வோல்ட் பேட்டரி போட்டு உள்ளேயே ஒரு பிரீஆம்ப் இருக்கிறது. அதன் குமிழைத் திருப்பினால் உயர் சுரங்கள் கூடுகின்றன. இது சேர்த்தல்தானே?

குரு: நல்ல எதிர்ப்பு. முதலில் பேட்டரி இல்லாத பேஸைப் பார். பிக்கப்பின் சுருளும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒரு மேட்டை உண்டாக்குகின்றன, அதற்கு மேலே எல்லாம் சரிந்துவிடும். கேபிளின் மின்தேக்கம் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பைக்கோஃபாரட். கேபிள் நீண்டால் மேடு இன்னும் கீழே இறங்கும். டோன் குமிழைக் குறைத்தால் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி உயர் சுரங்களைத் தரைக்கு வடித்துவிடும். இதெல்லாம் கழித்தல்தான். பேட்டரி வந்ததும் கேபிள் தின்றது மீள்கிறது, நீ சொன்னபடி கூட்டவும் முடிகிறது. ஆனால் பிக்கப் காணாத அந்த நான்மடங்கு அதிர்வை எந்தக் குமிழ் திரும்பக் கொண்டுவரும்? இல்லாததைப் பத்து மடங்காக்கினாலும் இல்லாததுதான்.

சீடன்: வால்வு ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் தள்ளினால் தந்தியில் இல்லாத மேற்சுரங்களே புதிதாகப் பிறக்கின்றனவே? 1969இன் ஆம்பெக் எஸ்விடி 300 வாட் திறனோடு அதைத்தானே செய்தது?

குரு: அங்கே நீ சொல்வது சரி, என் வாதம் அந்த வாசலில் நின்றுவிடுகிறது. அலையின் வடிவம் நசுங்கும்போது புதிய சுரங்கள் பிறக்கத்தான் செய்கின்றன. கருவி வரைக்கும் கழித்தல், ஆம்ப்ளிஃபையரில் பிறப்பும் உண்டு என்று திருத்திக்கொள்வோம்.

சீடன்: நான் மீட்டாதபோதும் இந்தப் பழைய ஜாஸ் பேஸ் ஒரு பிக்கப்பில் மட்டும் முனகுகிறதே?

குரு: வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைச் சுருள் பிடித்துக்கொள்கிறது. ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கும் ஜி 49 ஹெர்ட்ஸ். நம் நாட்டில் அந்த முனகல் ஏறக்குறைய ஒரு சுரமாகவே நம்மோடு கூட வாசிக்கிறது. 1957இல் பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து, ஒன்றின் சுற்றையும் காந்தத்தையும் தலைகீழாக்கினார்கள். தந்தியின் குறிகைகள் ஒன்றுசேர்கின்றன, முனகல் ஒன்றையொன்று அழிக்கிறது. உன் ஜாஸ் பேஸின் இரண்டு வால்யூமையும் முழுதாகத் திற, அதுவும் அடங்கும். கூடவே நடுத்தரச் சுரங்களில் ஒரு பள்ளம் விழும், கேட்டுப் பார்.

சீடன்: இத்தனை கழிந்த பிறகு கேட்பவருக்கு என்னதான் போய்ச் சேருகிறது? திறந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ். டீக்கடையில் ஒரு சிறிய வானொலி. அதன் ஒலிபெருக்கியால் அந்த அதிர்வை எழுப்பவே முடியாது. ஆனாலும் இளையராஜா பாடலின் பேஸ் வரியை அதில் எல்லோரும் கேட்கிறோமே?

குரு: 82, 124, 165 என்று மேற்சுரங்கள் வந்துவிட்டால், அவற்றின் இடைவெளியைக் கொண்டு காதும் மூளையும் காணாமல் போன 41ஐத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. மரம் எடுத்தது, பிக்கப் விட்டது, கேபிள் தின்றது, ஒலிபெருக்கி கைவிட்டது. அத்தனைக்கும் பிறகு அடிச்சுரத்தைத் திரும்பக் கொடுப்பவர் கேட்பவர். எனக்கு இது இன்றுவரை வியப்பு அடங்காத உண்மை, தம்பி.

சீடன்: அப்படியென்றால் குறையை முற்றிலும் நீக்குவதில் பொருளே இல்லையா?

குரு: ஜேம்ஸ் ஜாமர்ஸனைக் கேள். டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்தவர். 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ், கனத்த தட்டைத் தந்திகள். தந்தியை மாற்றவே மாட்டார். பிரிட்ஜின் மேல்மூடிக்குள் ஃபெண்டர் வைத்த நுரைப்பஞ்சை அப்படியே விட்டிருந்தார், அது சுரத்தைச் சீக்கிரம் அணைத்துவிடும். மீட்டியது ஒரே விரல். பல பதிவுகளில் ஆம்ப்ளிஃபையர்கூட இல்லை, நேரே பதிவு மேசைக்கு. கழிக்கக்கூடிய எல்லாவற்றையும் கழித்துவிட்டார் என்றே சொல்லலாம். அந்த நாதத்தின் கனிவு இன்னும் பலருக்கு எட்டவில்லை. ஜாக்கோ பாஸ்டோரியஸ் வேறு பக்கம் போனார். அவருடைய ஜாஸ் பேஸ் ஃப்ரெட்டுகள் இல்லாதது. விரற்பலகைக்கு எபாக்சி பூச்சு, உருண்டைச் சுற்றுத் தந்தி, பிரிட்ஜ் பிக்கப். மேற்சுரங்களை முடிந்தவரை உயிரோடு வைத்துப் பாடவைத்தார். எதைக் காப்பது, எதை விடுவது என்பதில் இருவரும் தீர்மானமாக இருந்தார்கள்.

சீடன்: ஜாமர்ஸனின் பேஸ் களவு போனது என்று கேள்விப்பட்டேன். அது கிடைத்தால் அந்த நாதமும் கிடைக்குமா?

குரு: 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் போனது. எடுத்தவனுக்கு அந்த நெக்கின் செத்த இடம் எது என்று தெரிந்திருக்கும். சுருளும், பழுத்த தந்தியும், பஞ்சும் கிடைத்திருக்கும். எங்கே மீட்டுவது, சுரத்தை எங்கே நிறுத்துவது என்பது அந்தப் பெட்டியில் இல்லை.

சீடன்: நான் செய்துகொண்டிருக்கும் பேஸுக்குப் பிக்கப் குழியை எங்கே வெட்டட்டும்?

குரு: இப்போது வெட்டாதே. முதலில் தந்தி ஏற்று. தந்திகளுக்கு மேலே ஒரு சட்டம் வைத்து, பிக்கப்பைக் கவிழ்த்துத் தொங்கவிடு. தந்திக்கு மேலே இருந்தாலும் அது அதே வேலையைத்தான் செய்யும். பிரிட்ஜிலிருந்து தொடங்கி ஒரு சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டராக நகர்த்து. ஒவ்வோர் இடத்திலும் முதல் ஃப்ரெட்டிலும் வாசி, பன்னிரண்டிலும் வாசி. தனியாகக் கேட்டு மயங்கிவிடாதே. நடுவில் பள்ளம் விழுந்த ஓசை தனியே இனிக்கும், டிரம்ஸும் குரலும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். யாரையாவது பாட அழைத்துக் கூடவே வாசித்துப் பார். பாட்டுக்கு அடியில் உன் சுரம் தெளிவாக நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடு. குழியை அதன் பிறகு வெட்டலாம்.