பல்லி வளர்ப்பதும் நிய்யத்தும்

நம் கடைச் சுவரில் ஓடும் பல்லிக்கு யாரும் தீனி போடுவதில்லை. விளக்கண்டை வரும் பூச்சிகளைத் தின்று தானே பிழைத்துக் கொள்கிறது. பல்லியைக் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும் வழக்கமும் உலகத்தில் இருக்கிறது. நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கி விட்டார்கள்.

கொல்லும்படி ஹதீஸில் வந்துள்ள பிராணியை வளர்ப்பதா என்று சகோதரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கூடுமா கூடாதா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். ஆனால், முதல் அடியிலேயே கொன்றவருக்கு இரண்டாம் அடியில் கொன்றவரைவிட நன்மை அதிகம் என்றும் வந்திருக்கிறதல்லவா? கொல்வதிலேகூட வதைக்க இடமில்லை என்றுதான் நமக்குப் படுகிறது. அப்படியிருக்க, வளர்க்கிறேன் என்று சொல்லி மாதக்கணக்கில் வதைக்க ஏது இடம்?

மலேசியாவில் 2010-ஐ ஒட்டிய வருஷங்களில் நடந்த கூத்து பலருக்கு நினைவிருக்கும். தோக்கே என்று ஒரு பெரிய பல்லி. அது கத்தும் குரலே அதற்குப் பெயராயிற்று. (நம்மைத் தவுக்கே என்று அழைக்கும் ஊரில் இதற்கும் ஏறக்குறைய அதே பெயர்!) அது எய்ட்ஸ் நோயைத் தீர்க்கும் என்று ஒரு புரளி கிளம்பிற்று. 300, 400 கிராம் எடை இருந்தால் பெருந்தொகை கிடைக்கும் என்று பேச்சு. உடனே பிடித்துக் கூண்டில் அடைத்துக் கொழுக்க வைக்க முற்பட்டார்கள். சாதாரணமாக அந்தப் பல்லி அவ்வளவு எடைக்கு வளர்வதே இல்லை. 2011-ல் பிலிப்பைன்ஸ் அரசாங்கம் இந்த வைத்தியத்தை நம்ப வேண்டாமென்று எச்சரித்தது. 2019-ல் அதன் சர்வதேச வியாபாரம் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

இலாபத்திற்கு வளர்த்தவரைக் குறை சொல்வது சுலபம். பிரியத்தினால் வளர்ப்பவர் சங்கதி என்ன? சிறுத்தை போல் புள்ளியுள்ள ஒரு பல்லியைத்தான் பலரும் விரும்பி வாங்குகிறார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பிராணி அது. உயிருள்ள பூச்சிதான் தின்னும். படுக்கும் தரையில் சூடு வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் எலும்பு வளைந்துவிடும். சரியாகப் பார்த்துக் கொண்டால் 15 வருஷத்திற்கு மேலும் உயிர் வாழும். வியாபாரிகளாகிய நாம் கணக்குப் பார்க்க வேண்டாமா? விலை ஒரு நாளோடு போயிற்று. கடன் 15 வருஷம் நிற்கிறது. பிள்ளையின் ஆசையோ ஆறு மாதம். பெருநாளுக்கு ஊருக்குப் போனால் சுவர்ப் பல்லி தன் பாட்டைப் பார்த்துக் கொள்ளும்; பெட்டிப் பல்லி நம்மைப் பார்த்துக் காத்துக் கிடக்கும்.

அமல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை என்பது உண்மை. அந்த நிய்யத்து நம் கணக்கில் எழுதப்படும். பல்லியின் வயிற்றில் விழாது. பூனையைக் கட்டி வைத்த பெண்மணியின் செய்தி நமக்குத் தெரியும். அவள் பூனையை வெறுத்தாள் என்று அதில் இல்லை. தீனி போடவில்லை, தானே தேடித் தின்ன விடவுமில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் பல்லி வளர்க்கச் சட்டமே இடம் தரவில்லை. அங்குள்ள தகப்பன்மார்களுக்குப் பதில் சொல்வது எளிது. மலேசியாவில் உள்ளவர்கள் முதலில் வனவிலங்கு இலாகாவில் விசாரித்துக் கொள்ளட்டும். பிறகு பிள்ளையிடம் விலையைச் சொல்லி மறுக்காமல், பள்ளிப் படிப்பு முடிந்து நீ வெளியூர் போனால் இதற்குத் தீனி யார் போடுவது என்று கேட்கட்டும். சில பிள்ளைகள் யோசித்து, "வாப்பா, நீங்கள்தான்" என்பார்கள்.