உண்மையைச் சொன்ன பிறகு

நோயாளியின் முடிவு தெரிந்துவிட்டால் வைத்தியர் அதைச் சொல்லலாமா என்பது பழைய கேள்வி. நோயாளி அவருடைய சொந்த மகனாகவும், எதிரே நிற்பவள் பிள்ளையைப் பெற்ற மனைவியாகவும் இருந்துவிட்டால்?

தாராசங்கர் பந்தோபாத்யாயரின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ இந்த இடத்தில்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. வங்க மொழியில் 1953-இல் வந்த நாவல். 1956-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. த. நா. குமாரஸ்வாமி அதைத் தமிழில் தந்திருக்கிறார். அதில் வரும் ஜீவன் மஷாய் பரம்பரை வைத்தியர். நாடியில் விரல் வைத்தால் மரணத்தின் வரவு அவருக்குத் தெரியும். ஊராரின் கைகளில் அதைக் கண்டு சொன்ன மனிதர், ஒரு நாள் தம் மகனின் கையிலும் காண்கிறார். கண்டதை அவர் மறைக்கவில்லை. மனைவியோ அவரை மன்னிக்கவில்லை.

அவள் கோபத்தில் நியாயம் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். அவர் வாயைத் திறக்காவிட்டாலும் மகன் இறந்தே இருப்பான். ஆனால் தாயின் கணக்கு வேறு. பிள்ளை கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்த நாட்களையும் அல்லவா அந்தச் சொல் பறித்துக்கொண்டது?

சரி, மறைத்திருந்தால்? அவள் தெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளும்போது, பலிக்காது என்று தெரிந்தும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு அந்தத் தாம்பத்தியத்தில் என்ன மிஞ்சும்? நம் வீடுகளில் இன்றும் டாக்டர் உறவினரைத் தனியே அழைத்துத்தான் சொல்லுகிறார். நோயாளிக்கு வேறு கதை. அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால், சாகப்போகிறவன் சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே போய்விடுகிறான்.

ஆகவே, ஜீவன் மஷாய் சொன்னது தவறு என்று என்னால் நினைக்க முடியவில்லை. சொன்னவர் யார் என்பதில்தான் சிக்கல். வைத்தியர் முடிவைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். புருஷன் போக முடியாது. அந்த வேளையில் அவளுக்கு வேண்டியிருந்தது, தன்னோடு சேர்ந்து நம்பவும், நம்பிக்கை போனபின் சேர்ந்து அழவும் ஒருவர். அவளுக்குக் கிடைத்ததோ சரியாக நாடி பார்க்கத் தெரிந்த ஒருவர்.

உண்மையைச் சொல்ல மனத்திடம் வேண்டும் என்பார்கள். சொன்ன பிறகு அதே வீட்டில், அவள் கோபத்தையும் தாங்கிக்கொண்டு, அவள் பக்கத்திலேயே இருப்பதற்கு அதைவிட அதிகம் வேண்டும்.