கேட்கவில்லையே

ஒன்பது வயதான செடான் காரை வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வாங்கிய இரண்டாம் மாதமே ஏற்காடு மலைப்பாதையில் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என ஒவ்வொன்றாக மாற்றினேன். கடைசியில் ஹெட் கேஸ்கட்டும் போனது. இன்ஜின் பலமுறை கொதித்ததில் ஹெட் வளைந்திருக்கிறது, இது பழைய நோய் என்றார் மெக்கானிக். அதையும் என்னிடம் சொல்லவில்லை. வண்டியே ஓட்டத் தெரியாத என் தம்பியிடம் சொன்னார்.

விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “நீங்க கேக்கலையே மேடம்” என்றார்.

என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்தானே கேட்க முடியும்? பெண்பிள்ளையை ஒர்க்‌ஷாப் பக்கமே விடாமல் வளர்ப்பார்கள். பிறகு அவள் கேட்காததையே அவள் குற்றமாக்குவார்கள்.

லேத்துக்கு அனுப்பி ஹெட்டைச் சமப்படுத்திய பிறகும், மேட்டில் ஏசி போட்டால் முள் ஏறத்தான் செய்கிறது. பதிவின் பதினைந்து ஆண்டுகள் முடியப்போகின்றன, விற்றுவிட நினைத்தேன். எங்கள் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் இளம்பெண் வாங்க வந்தாள். “வண்டி நல்லா ஓடுமாக்கா?” என்றாள். “ஓடும்” என்றேன். பொய்யில்லை. ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கேள்வி பழையது. குறையுள்ள வீட்டை விற்பவர் அதைச் சொல்ல வேண்டுமா என்று ஸ்டோயிக் அறிஞர் இருவர் மாறுபட்டதைக் கி.மு. 44இல் சிசரோ எழுதினார். சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், பேசாதிருப்பது மறைப்பதாகாது என்பது டயோஜெனிஸ் பக்கம். எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்பது அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் பக்கம். பட்டினப்பாலையின் வணிகர்களும் பழிக்கு அஞ்சி உண்மை பேசியவர்கள். ஆனால் வாங்குபவருக்கு ஏன் தெரியாமல் போனது என்ற கேள்வியை நாம்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இன்றும் டயோஜெனிஸ் பக்கம் நிற்பதுபோலத்தான் தோன்றுகிறது. உரிமை மாற்றும் படிவங்கள் 29, 30இல் இன்னார் மகள், இன்னார் மனைவி என்று எழுத இடமுண்டு. வண்டியின் குறையை எழுத இடமில்லை.

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். பெரும்பாலும் பொய்கூடத் தேவைப்படுவதில்லை. மாப்பிள்ளையின் குடி தெருவுக்கே தெரிந்திருக்கும். பிறகு பெண் அழுதுகொண்டு வரும்போது, “நீங்க விசாரிச்சிருக்கணும்” என்பார்கள். மௌனத்தைப் பெண்ணின் அணிகலன் என்று சொல்லிக்கொடுத்த ஊரில், அவளைச் சுற்றியிருப்பவர்களின் மௌனத்துக்கு மட்டும் பெயரே இல்லை. நான் சொன்ன ‘ஓடும்’ அந்த மௌனத்தைச் சேர்ந்தது.

மறுநாள் ஆறு ஆண்டு பில்களையும் அவள்முன் வைத்தேன். முள் ஏறினால் ஏசியை நிறுத்து, ஓரங்கட்டு, சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்றேன். ஒவ்வொரு பில்லாகப் படித்தாள். எனக்கு ஆறு ஆண்டுகளாகக் கேட்கத் தோன்றாத கேள்விகளைக் கேட்டாள். பிறகு விலையில் முப்பதாயிரம் குறைக்கச் சொன்னாள்.

அது எனக்குத் தேவையான பணம்தான். குறைத்துக்கொண்டேன்.