கொடுத்தவர் வரிசையில், வாங்கியவர் நாற்காலியில்

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் மங்கலம் என்றொரு கிராமம். 2005 டிசம்பரில் அந்த ஊருக்கு ஒரு பெருமை வந்து சேர்ந்தது. எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிச் சேவை கிடைத்த முதல் இந்தியக் கிராமம் என்று மங்கலத்தின் பெயர் அறிக்கைகளில் ஏறியது. இந்தியன் வங்கி எடுத்துச் செய்த வேலை அது. இருப்பே இல்லாவிட்டாலும் ஏழைகளுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுங்கள் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பிறகு 2008-இல் புதுவை பாரதியார் கிராம வங்கி வந்தது, 2014-இல் ஜன்தன் வந்தது. இன்று நம் கிராமத்து வீடுகளில் பீரோவைத் திறந்தால் இரண்டு மூன்று பாஸ்புக்காவது கிடக்கும்.

கணக்குத் தொடங்கியபோது பந்தல் போட்டார்கள், மைக் வைத்தார்கள், தலைவர்கள் வந்தார்கள். மூடும்போது யாரும் வருவதில்லை. கவுன்ட்டரில் போய் நின்ற பிறகுதான் பலருக்கும் சேதியே தெரிகிறது.

பாகூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மாவுக்கு அப்படித்தான் தெரிந்தது. எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். ஜவுளிக்கடைப் பையில் சுற்றிய பாஸ்புக், அதற்குள் மடித்து வைத்த ஆதார் ஜெராக்ஸ், மூலை மஞ்சளடித்த இரண்டு போட்டோ. கன்றுக்குட்டி விற்ற காசைப் பேத்தியின் சடங்குக்கு என்று போட்டு வைத்திருந்தார். கவுன்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “அம்மா, இது குளோஸ் ஆயிருச்சு. கேஒய்சி குடுக்கல, டிரான்சாக்‌ஷனும் இல்ல” என்றார். பெரியம்மா பதறவில்லை. “நான் எடுக்கவே இல்லியே சார். போட்டது போட்டபடி இருக்கட்டும்னுதான தொடாம வெச்சேன்” என்றார். தன் நன்னடத்தைக்குச் சான்றாக அவர் சொன்னது எதுவோ, அதுவேதான் கம்ப்யூட்டரில் குற்றமாகப் பதிவாகியிருந்தது.

கவுன்ட்டரில் ‘குளோஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எதிரே நிற்பவர் அதோடு திரும்பிவிடக் கூடாது, செயலற்றதா, முடக்கமா, மூடலா, எது என்று கேட்க வேண்டும். சேமிப்புக் கணக்கில் இரண்டு வருடத்துக்கு மேல் நாமாகப் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் அது செயலற்ற கணக்கு. வங்கி போடும் வட்டி இதில் சேர்த்தி இல்லை. கேஒய்சி எனப்படும் அடையாளச் சான்றுகளைப் புதுப்பிக்காவிட்டால் முடக்கம். கணக்கையே எடுத்துவிடுவதுதான் மூடல். செயலற்ற கணக்குக்கும் வட்டி உண்டு. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதில் அபராதம் பிடிக்கக் கூடாது. உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. அரசு உதவித்தொகைக்காகத் தொடங்கிய பூஜ்ய இருப்புக் கணக்குகளைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும், இரண்டு வருடம் அசையவில்லை என்று அவற்றைச் செயலற்றதாக்கக் கூடாது என்பதும் அதே விதிதான். பத்து வருடம் யாரும் தேடி வராத பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். போனாலும் உரியவர் எப்போது கேட்டாலும் வங்கி திருப்பித் தந்தாக வேண்டும். ஆக, பெரியம்மாவின் பணம் எங்கும் ஓடிப்போகவில்லை. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வங்கிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டம் வாடிக்கையாளர் யார் என்று தெரிந்துகொண்டே இருக்கச் சொல்கிறது. கிராமத்தில் சும்மா கிடக்கும் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சில ஆயிரங்களுக்கு வாங்கிப்போய், ஊரை ஏமாற்றிய பணத்தை அதன் வழியே கடத்துகிற கூட்டம் இருக்கிறது. காலேஜ் படிக்கிற பையன் கணக்கை ‘வாடகைக்கு’ விடுகிறான். பிறகு போலீஸ் அவனைத் தேடித்தான் வருகிறது. அசையாமல் கிடக்கிற கணக்கு திருடனுக்கு வசதி என்பது உண்மை. கவுன்ட்டரில் இருப்பவர் நினைத்தால்கூட ஒரு பொத்தானைத் தட்டி அதைத் திறந்துவிட முடியாது. எனவே இதில் வில்லனைத் தேடுவது வீண் வேலை.

ஆனால் நம் பகுதியில் இது வெறும் சேமிப்புச் சமாச்சாரமும் இல்லை. ரேஷன் அரிசிக்குப் பதில் கணக்கில் பணம் என்ற திட்டம் 2015-இலேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டது. அரிசியா, பணமா என்று அன்றைய முதல்வர் நாராயணசாமியின் அரசும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடியும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 அக்டோபரில் ரேஷன் கடைகள் மறுபடி திறக்கும்வரை வீட்டுச் சோற்றுப் பானைக்கும் பாஸ்புக்குக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் உதவித்தொகை, 2023-இல் மாதம் ஆயிரம் ரூபாயோடு தொடங்கிய குடும்பத் தலைவிகள் உதவித்தொகை எல்லாமே கணக்கு வழியாகத்தான் வருகின்றன. இதில் இன்னொரு சிக்கல்: ஆதார் வழி வரும் பணம், கடைசியாக எந்தக் கணக்கை அதற்கென்று இணைத்தோமோ அதில்தான் போய் விழும். மகளிர் குழுக் கடனுக்கென்று தொடங்கிய புதுக் கணக்கில் கையெழுத்தோடு கையெழுத்தாக ஆதாரையும் இணைத்திருப்பார்கள். பணம் அங்கே போய்க்கொண்டிருக்கும், கணக்குக்காரர் பழைய பாஸ்புக்கை எந்திரத்தில் விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருப்பார்.

வங்கிக்கும் அதில் பணம் போட்டவருக்கும் உள்ள உறவு சட்டத்தின் கண்ணில் என்ன என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1848-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் சொன்ன தீர்ப்பு இன்றும் அடிப்படை. நாம் வங்கியில் போடுகிற பணம் அங்கே பெட்டியில் பாதுகாத்து வைக்கப்படுவதில்லை. நாம் வங்கிக்குக் கொடுத்த கடனாக அது மாறிவிடுகிறது. வங்கி கடனாளி, பெரியம்மா கடன் கொடுத்தவர். கடன் கொடுத்தவர் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார், வாங்கியவர் ஏசி அறையில் நாற்காலியில் இருந்துகொண்டு “நீ யார்?” என்று கேட்கிறார். ஊரில் யாராவது ஒருவர் கைமாற்று வாங்கிவிட்டு இப்படிக் கேட்டிருந்தால் பஞ்சாயத்துக் கூடியிருக்கும்.

வாங்கியவர் வேறு மாதிரி நடந்துகொண்ட ஏற்பாடும் நம் பக்கத்தில் இருந்தது. ஏரிக்கரை ஊரான பாகூரில் மூலநாதர் கோயில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள கோயில். அந்தக் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி, விளக்குக்கு வைத்த முதல். ஒருவர் ஊர்ச் சபையிடம் பொன் கொடுப்பார். சபை அதன் வட்டியில் தினமும் விளக்கெரிக்க வேண்டும். அல்லது இடையர்களிடம் 90, 96 என்று ஆடுகளைக் கொடுப்பார். சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். ஆடு செத்தாலும் கிழடானாலும் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது, நாளுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். சந்திர சூரியர் உள்ளவரை என்பது கெடு. கொடுத்தவர் திரும்ப வந்து, நான்தான் கொடுத்தேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அவர் செத்தே போயிருக்கலாம். வாங்கிக்கொண்டவர்கள்தான் ஒவ்வொரு நாளும் ஊர் பார்க்க விளக்கை எரியவைத்து, அந்த முதல் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பொன்னும் ஆடும் வைத்திருந்தவர்களுக்குத்தான் கல்வெட்டு. பெரியம்மாவின் பாட்டிகளுக்குக் கல்வெட்டும் இல்லை, கணக்கும் இல்லை. நான் பார்ப்பது பொறுப்பு எந்தப் பக்கம் இருந்தது என்பதை மட்டும். அது எதிர்ப்பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி நிறுவனம் திவாலானது. ஜமீன்தார் முதல் பென்ஷன்காரர் வரை அந்தப் பெயரை நம்பிப் பணம் போட்டிருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே காட்ட வேண்டிய அவசியம் கம்பெனிக்கு இருக்கவில்லை. கதவு சாத்திய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. கம்பெனியை நடத்திய ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களில் பலருக்குப் போனது போனதுதான். அவர்களுக்காக வழக்காடிய வி.கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று மறு வருடம் தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. மங்கலத்துக்கு வந்தது அதே வங்கிதான். கதவு சாத்தப்பட்டவர்களின் வயிற்றெரிச்சலில் பிறந்த ஒரு நிறுவனம், நூறு வருடம் நெருங்கும்போது, கதவே பார்க்காதவர்களைத் தேடி வில்லியனூர்ப் பக்கம் வந்திருக்கிறது. அதை நினைக்கும்போது எனக்கு மரியாதையாகத்தான் இருக்கிறது.

நம்பிக்கை என்பதை நாம் எப்போதும் கொடுப்பவரின் குணமாகவே பேசுகிறோம். நம்பிக் கொடுத்தார், நம்பி ஏமாந்தார் என்கிறோம். உண்மையில் அது வாங்கியவர் தினமும் செய்ய வேண்டிய வேலை. ஒருவர் பொருளை இன்னொருவர் வைத்திருக்கிறார் என்றால், நான் இன்னும் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியவர் கொடுத்தவர் ஆக மாட்டார். உன்னை நான் மறக்கவில்லை என்று வைத்திருப்பவர்தான் சொல்லியாக வேண்டும். சும்மா இருப்பதே சேமிப்பின் இயல்பு. பெரியம்மாவின் மௌனத்தை அவர் இல்லாமல் போனதற்கு அடையாளமாகப் படிக்கிற கணக்குப் புத்தகம் அவரை ஒருநாளும் அறிந்திருக்கவில்லை, எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டதோடு சரி.

ரிசர்வ் வங்கிக்கும் இது மெல்ல உறைத்திருக்கிறது போலும். 2025 ஜூனில் விதியைத் திருத்தினார்கள். கேஒய்சி கெடு முடியும் முன்னால் மூன்று அறிவிப்பு, முடிந்த பின்னால் மூன்று நினைவூட்டல், இரண்டிலும் ஒன்றாவது தபாலில் வரும் கடிதமாக இருக்க வேண்டும். எஸ்எம்எஸ் மட்டும் போதாது என்று ஒப்புக்கொண்டதே பெரிது. பெரியம்மாவின் நம்பர் மருமகனிடம் அல்லவா இருக்கிறது. விவரம் எதுவும் மாறாதவர்களும் முகவரி மட்டும் மாறியவர்களும் ஊர் வங்கி முகவரிடமே எழுதிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். அந்த ஜூலையில் தொடங்கி வங்கிகள் பஞ்சாயத்துகளுக்கே வந்து முகாம் போட்டன. (நம் கொம்யூன் பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் 2011-இல் முடிந்து ஆண்டுக்கணக்காகத் தேர்தலே இல்லாமல் கிடக்கின்றன. அவற்றை மட்டும் செயலற்றது என்று யாரும் மூடவில்லை.) இத்தனைக்கும் பிறகு வழி பிறக்காவிட்டால், வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாள் பார்த்துவிட்டு, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று செய்யலாம். பத்து வருடம் கேட்பாரற்ற கணக்குகளின் பட்டியலை வங்கிகள் இணையத்தில் வைத்திருக்கின்றன. 2023-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில் பல வங்கிகளையும் சேர்த்து ஒரே இடத்தில் தேடலாம். இணையத்தில் தேடத் தெரிந்தவர்களுக்கு அது உதவும். அந்தப் பட்டியலில் நம் ஊர்களுக்கு உரியதைத் தமிழில் அச்சடித்து, வில்லியனூரிலும் பாகூரிலும் கொம்யூன் அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்கு என்ன தடை? பத்து வருடம் காத்திருக்காமல், இரண்டு வருடம் தூங்கிய கணக்குகளையும் சேர்த்தால் இன்னும் நல்லது. பெயரும் ஊரும் போதும், தொகை வேண்டாம். தொகையைப் போட்டால் அம்மா வருவதற்குள் பங்காளிகள் வந்துவிடுவார்கள்.