பச்சை குத்திய பார்பி

உடைந்ததைச் சரி செய்வது நமக்குப் புதிதில்லை. மண்வெட்டிக்குப் பிடி போடுகிறோம், கிழிந்த கோணியைத் தைக்கிறோம். பழையபடி வேலைக்கு ஆனால் போதும். ஆனால் பொம்மை வேலைக்கு ஆகிற சாமான் இல்லை. அதைச் சரி செய்ய உட்கார்ந்தால் ஒரு கேள்வி வருகிறது: எது மாதிரி ஆக்குவது? கடையில் இருந்த மாதிரியா, கையில் இருந்த மாதிரியா? இது சாதிக்குச் சம்பந்தமில்லாத கேள்வி மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை.

பார்பி 1959இல் அமெரிக்காவில் மாட்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பொம்மை. 1990களில் நம்மூர்க் கடைகளில் சேலை கட்டிப் பொட்டு வைத்த பார்பிகூட விற்றது. பழைய பார்பிகளைப் புதுப்பிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சிக்குப் பிடித்த நைலான் முடியைச் சோப்புத் தண்ணீரில் அலசி, வெந்நீர் ஊற்றி நேராக்குகிறார்கள். முடி போயிருந்தால் தலையில் இருக்கிற ஓட்டைகளில் ஊசியால் ஒவ்வொரு கொத்தாகப் புதுமுடி நடுகிறார்கள். முகத்தின் சாயத்தை அசிட்டோனில் அழித்துவிட்டுப் புதுக்கண் வரைகிறார்கள். பிளாஸ்டிக்கில் ஊறிப்போன மைக்கறைக்கு முகப்பருக் களிம்பு. அதில் இருக்கிற பென்சாயில் பெராக்சைடைத் தடவி வெயிலில் வைத்தால், நாலைந்து நாளில் கறை வெளுத்துவிடுகிறது.

பொறுமையான வேலை, மதிக்கிறேன். ஆனால் அதற்குள் ஒரு அளவுகோல் ஒளிந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கு இருந்ததுதான் பொம்மையின் உண்மை, அப்புறம் நடந்ததெல்லாம் சேதம் என்கிற அளவுகோல்.

என் பொம்மைக்குப் பெட்டி கிடையாது. அம்மா பாத்திரம் தேய்த்த வீட்டிலிருந்து, பழைய துணிகளோடு ஒரு பையில் வந்தது. எனக்கு ஏழெட்டு வயசு. முடி ஒட்ட வெட்டியிருந்தது. உடுப்பு இல்லை. ஒரு கால் கழன்று கழன்று விழும். அதன் 'மூல நிலை' இன்னொரு பிள்ளையின் பிறந்தநாளில் முடிந்துபோன விஷயம். அதில் நான் இல்லை. அந்த நிலைக்கு அதைத் திருப்புவதென்றால் என்னைக் கழித்துவிட்டுத் திருப்புவதுதான்.

ரவிக்கை வெட்டிய துண்டில் அதற்குப் பாவாடை தைத்தேன். மக்காச்சோளக் கதிரின் முடியைப் பசை தொட்டு மண்டையில் ஒட்டினேன். வலது முன்கையில் நீலப் பேனாவால் மூணு புள்ளி வைத்தேன், எங்க ஆயா கையில் இருந்த பச்சை மாதிரி. ஆயா சொல்லும்: "இதாண்டி நம்ம நகை. அடகு வைக்க முடியாது, எவனும் புடுங்க முடியாது." அது வெறும் பேச்சில்லை. 1930இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளில், தங்கமும் வெள்ளியும் அணியக்கூடாது என்பதும் ஒன்று. பெண்கள் மாராப்புப் போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது என்பதும் அதில் உண்டு. உடுப்பும் நகையும் சின்ன விஷயமில்லை என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்த வருசம் பொம்மையைச் சரி பண்ண உட்கார்ந்தபோது, கூட இருந்த கல்லூரி மாணவி கேட்டாள்: "அந்தக் கறையையும் எடுத்துடலாமாக்கா?" நல்ல மனசோடுதான் கேட்டாள். பரு மருந்து கையிலேயே இருந்தது. என்னை நிறுத்தியது 'கறை' என்கிற சொல்.

நம் தோழர்களில் சிலர் நேர் எதிராகச் சொன்னார்கள். ஒன்றையும் தொடாதே, மொட்டைத் தலையும் உடைந்த காலுமாக அப்படியே வை, அதுதான் சாட்சியம் என்றார்கள். இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் கந்தலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிற ஆசை பலருக்கு இருக்கிறது. 1927 டிசம்பரில் மகாத்தில் கூடிய பெண்களிடம், சேலையை மற்ற பெண்களைப் போலக் கட்டுங்கள், தீண்டத்தகாதவள் என்று காட்டிக்கொடுக்கிற கனத்த நகைகளைக் கழற்றுங்கள் என்றார் பாபாசாகேப். நல்ல உடுப்பு உடுத்துவது உண்மையை மறைப்பதாகாது. அந்தச் சிறுமி தன் பொம்மைக்கு ஆசைப்பட்டதும் பாவாடைதான், அம்மணமில்லை.

அப்படியென்றால் புள்ளியையும் எடுக்க வேண்டியதுதானே, அதுவும் ஒரு அடையாளம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மகாத்தில் அவர் பேசியது, கழற்ற வேண்டிய பெண்களிடமே. கழற்றுவதும் வைப்பதும் அவர்கள் கையில். அடுத்தவன் நம்மேல் மாட்டியது வேறு, நாமே ஆசைப்பட்டு வைத்துக்கொண்டது வேறு. இரண்டையும் ஒரே களிம்பில் வெளுப்பதுதான் தப்பு.

இந்த இடத்தில் நானும் ஏமாறக்கூடாது. மூணு புள்ளியை ஒரு குழந்தையின் எதிர்ப்பு, கலகம் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் நீலம் பளிச்சென்று தெரிந்தது அந்தக் கை வெள்ளையாக இருந்ததால்தான். என் கையில் வைத்துப் பார்த்தேன், எடுப்பாகத் தெரியவில்லை. சோளமுடி ஒட்டியதும் மஞ்சளுக்கு ஆசைப்பட்டுத்தான். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர்கள், நிறம் தவிர வேறு வித்தியாசமில்லாத பொம்மைகளை 253 கறுப்புக் குழந்தைகள் முன் வைத்துக் கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் நல்ல பொம்மை என்று எடுத்தது வெள்ளையை. 1947இல் வெளியான ஆய்வு அது. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பில் கிளார்க்கின் ஆய்வு சுட்டப்பட்டது. அந்தப் பிள்ளைகள் வரிசையில் நானும் இருந்திருப்பேன்.

அந்த மக்கள் புலம்பிவிட்டு நிற்கவில்லை. 1968இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஷிந்தானா என்ற பொம்மைக் கம்பெனியைத் தொடங்கி, தங்கள் பிள்ளைகளின் முகச்சாயலில் பொம்மை செய்தார்கள். 1983 வரை அது நடந்தது. மாட்டெலிலும், கறுப்பினத்தவரான கிட்டி பிளாக் பெர்கின்ஸ் வடிவமைத்த பொம்மை பார்பி என்ற பெயரோடே 1980இல் வந்தது. புதிதாகச் செய்வதற்கு அதுதான் வழி. ஆனால் என் முன்னால் இருப்பது பழசு, ஏற்கனவே ஒரு பிள்ளை விளையாடி முடித்தது. இன்றைய என் அரசியலைக்கொண்டு அதற்குக் கறுப்புச் சாயம் பூசி, கறுப்பு முடி நட்டால், அந்தப் பிள்ளையை நான் திருத்துகிறேன். கடைக்காரன் அவளை அழிக்கிறான், சாட்சியம் கேட்கிறவர் அவளை உறைய வைக்கிறார், நான் அவளுக்குப் பதிலாகப் பேசுகிறேன். மூன்றும் ஒரே காரியந்தான். அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி முடிவு செய்வது.

ஆகவே இப்படிச் செய்தேன். அழுக்கைக் கழுவினேன். கழன்ற காலைப் பொருத்தினேன். அடுத்தவர் வெட்டிய முடிக்குப் பதில் முடி நட்டேன், மஞ்சளாகவே. அவள் ஆசை அதுதான். அது எங்கிருந்து வந்த ஆசை என்பதை நான் கட்டுரையில் எழுதிக்கொள்ளலாம், பொம்மையின் தலையில் எழுத வேண்டாம். பாவாடை மக்கிப்போயிருந்தது, அதே அளவில் புதிது தைத்தேன். மூணு புள்ளியைத் தொடவில்லை.

சேதம் எது, வாழ்ந்த தடம் எது என்று பிரிக்கிறதுதான் இதில் முழு வேலையும். பொருளைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. வைத்திருந்தவளைக் கேட்டால்தான் தெரியும். வரலாற்றைப் புதுப்பிக்கிறவர்களுக்கும் இதே வேலைதான். தலைமுறை தலைமுறையாக மனுசரையே அழுக்கு என்று ஒதுக்கிய ஊர் இது. எது கறை என்று முடிவு செய்கிற வேலையை இங்கே அடுத்தவர் கையில் விடுவதற்கில்லை.