விட்டம் எங்கே இருக்கிறது?

ஈயத்தை உருக்கித் தாமே துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர்கள், குழலின் உள்விட்டத்தை அறிய அளவுகோலை உள்ளே விடுவதில்லை. குழலைத் துடைத்து எண்ணெய் பூசி, உள்வாயைவிடச் சற்றே பருத்த தூய ஈயத் துண்டொன்றைத் தட்டி இறக்குகிறார்கள். வெளியே வரும் துண்டில் உட்சுவர் தலைகீழாகப் பதிந்திருக்கும்: குழலில் சுழன்று செல்லும் பள்ளங்கள் ஈயத்தில் மேடுகளாகவும், மேடுகள் பள்ளங்களாகவும். ஈயத்தின் மேடுகளுக்குக் குறுக்கே மைக்ரோமீட்டர் காட்டுவதே பள்ளவிட்டம். வார்க்கும் குண்டு அதைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் 1 அல்லது 2 பங்கு பருத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. சிறுத்துவிட்டால் வெடிவாயு பக்கவாட்டில் நழுவி ஈயத்தை அரிக்கும், குழலில் ஈயம் அப்பும், குறியும் சிதறும்.

பெயரைப் பார்த்து அளவைத் தெரிந்துகொள்ள முடியாததால்தான் இவ்வளவு பாடு. ‘.38 ஸ்பெஷல்’ குண்டின் விட்டம் 0.38 அங்குலம் அல்ல, 0.357 அல்லது 0.358. ‘12 கேஜ்’ என்பதோ நீள அளவே அல்ல. குழல்வாய்க்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கும் என்ற எண்ணிக்கை.

மைக்ரோமீட்டர் காட்டும் எண் குழலில் முன்பே இருந்ததா, அளக்கும் செயலில் பிறந்ததா என்பது தத்துவத்தின் பழைய வழக்கு. ஐந்து பள்ளம் வெட்டிய குழல் அதைக் கூர்மையாக்குகிறது. பிரிட்டனின் லீ-என்ஃபீல்ட் 4ஆம் எண் துப்பாக்கிகள் பல இவ்வகை. பள்ளங்கள் ஒற்றைப்படையாக இருப்பதால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேர் எதிரே ஒரு மேடு நிற்கும். பள்ளத்தின் அடியிலிருந்து மையம் வழியாகக் கோடு இழுத்தால் அது இன்னொரு பள்ளத்தைத் தொடாது. ஆகவே, தட்டை முகம் கொண்ட சாதாரண மைக்ரோமீட்டரால் பள்ளவிட்டத்தை நேரடியாக அளக்க வழியில்லை; ‘வி’ வடிவத் தாங்கி உள்ள கருவி வேண்டும், அல்லது கணக்கிட வேண்டும். ஐந்து பள்ளங்களின் அடியையும் தொட்டுச் செல்லும் வட்டம் ஒன்றை மனத்தில் வரைந்து அதன் விட்டத்தைச் சொல்கிறோம். அந்த வட்டம் இரும்பில் முழுதாக எங்கும் இல்லை. ஆனால், அதன் அளவைத் தவறாகக் கணித்து வார்த்த குண்டு குழலில் சரியாக அடைக்காது. முழுதாக இல்லாத வட்டத்தைப் பற்றியும் பிழை செய்ய முடியும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றைச் சேர்ந்த வைசேஷிகர், பரிமாணத்தைப் பொருளில் உறையும் குணங்களில் ஒன்றாக வைத்தார்கள். நெல்லிக்கனியை வில்வத்தோடு ஒப்பிட்டுச் சிறியது என்பது அவர்களுக்கு உபசார வழக்கு மட்டுமே. ஒப்பீடு நம்முடையது, அளவு பொருளுடையது என்பது அவர்கள் நிலை. இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பவர் அமெரிக்க இயற்பியலாளர் பெர்சி பிரிட்ஜ்மன். உயர் அழுத்த ஆய்வுக்காக 1946இல் நோபல் பரிசு பெற்ற இவர், 1927இல் வெளியிட்ட நூலில், நீளம் என்ற கருத்துக்கு அதை அளக்கும் செயல்களுக்கு அப்பால் வேறு பொருள் இல்லை என்று வாதிட்டார். அதன்படி, ஈயத் துண்டால் கண்ட விட்டமும் உருளைக் கேஜ் நுழைத்துக் கண்ட விட்டமும் கண்டிப்பாக இரு வேறு கருத்துகள்.

பட்டறை வழக்கம் பிரிட்ஜ்மனுக்குச் சாதகமாக இல்லை. இரு முறைகளின் விடைகள் மாறுபட்டால், வார்ப்பவர் இரண்டு விட்டங்கள் இருப்பதாக முடிவு செய்வதில்லை. எந்த முறையில் பிழை என்று தேடுகிறார். ஈயத்தில் அன்டிமனி கலந்து கடினமாகி, அழுத்தம் நீங்கியதும் சற்று மீண்டு விரிந்திருக்கலாம்; குழலின் நடுவே ஓரிடம் இறுகியிருக்கலாம். இறுகிய இடத்தைத் தள்ளும் கையே உணரும். முழு நீளமும் கடந்து வந்த துண்டு அந்த மிகக் குறுகிய இடத்தின் அளவையே சுமந்து வரும். குழலின் விட்டம் இடத்துக்கு இடம் மாறும்போது எந்த எண்ணைக் கேட்பது என்பதை நோக்கம் முடிவு செய்கிறது. விடையை முடிவு செய்வது குழல்தான்.

எத்தனை தசம இலக்கம் வரை அந்த விடைக்குப் பொருள் உண்டு என்பது தனிக் கேள்வி. கைச்சூட்டில் ஈயக் குண்டு 10 பாகை வெப்பமேறினால், 8 மில்லிமீட்டர் விட்டம் ஏறத்தாழ 2 மைக்ரான் கூடும். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு 25 மைக்ரானுக்குச் சற்று மேல். எனவே வார்ப்பவர் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. இன்னும் நுட்பமாகப் போகிறவருக்கு, வெப்பநிலையைச் சொல்லாத விட்டம் அரைகுறைக் கூற்றே. தொழில்துறை அளவீட்டுக்கு 20 பாகை செல்சியஸ் என்ற பொது நிலை 1931இல் ஏற்கப்பட்டதும் அதனால்தான்.

அலகு மட்டும் முழுக்க மனித ஏற்பாடு. எஸ்கில்ஸ்டுனா நகரத் துப்பாக்கி ஆலையில் பணியாற்றிய சுவீடனின் கார்ல் எட்வர்ட் யோஹான்சன், அடுக்கிச் சேர்த்து அளக்கும் கேஜ் கட்டைகளை உருவாக்கியவர். அக்காலத்தில் பிரிட்டனின் அங்குலமும் அமெரிக்காவின் அங்குலமும் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 3 பங்கு வேறுபட்டிருந்தன. யோஹான்சன் இரண்டுக்கும் இடைப்பட்ட 25.4 மில்லிமீட்டரைத் தம் கட்டைகளுக்கு அங்குலமாகக் கொண்டார். 1959இல் ஆங்கிலம் பேசும் முக்கிய நாடுகள் அதையே பொது அங்குலமாக ஏற்றன. அந்த உடன்பாட்டால் எந்தக் குழலும் விரியவோ சுருங்கவோ இல்லை.